பெட்பேன் வைக்கும் நேரம்

தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியவர் அசையாமல் கிடந்தால் வலி ஓரளவு அடங்கியிருக்கும். எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போதும், பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும்போதும்தான் உயிர் போகும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும் பாட்டிகள் உண்டு. இடுப்புப் பக்க நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் ‘நெர்வ் பிளாக்’ முறையை இந்த நேரத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தச் சோதனையில் நெர்வ் பிளாக் தேறுகிறது. 49 ஆய்வுகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் அசையும்போது வரும் வலி குறைவதை உறுதியாகக் காட்டியது. ஆள் தெரியாமல் பிதற்றும் திடீர் மனக்குழப்பமும் குறைந்தது. இதற்குப் பதிலாக வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல், மயக்கம், மூச்சு மந்தம். சிறுநீரகம் தளர்ந்த வயதில் டைக்ளோஃபினாக்கும் ஆகாது. வலியைச் சொல்லத் தெரியாத மறதி நோயாளிக்கு இந்த ஊசி இன்னும் பெரிய உதவி. ஆனால் உயிரிழப்பைக் குறைக்கும் என்று நிரூபணமாகவில்லை.

குறைகளும் சில்லறை அல்ல. ஒருமுறை போட்ட ஊசி ஏறக்குறைய அரை நாள்தான் தாங்கும். அறுவைக்கு இரண்டு நாள் காத்திருப்பவருக்கு நடுராத்திரியில் மரப்பு விட்டுவிடும். தொடை நரம்பையே மரக்கவைத்தால் முன்தொடைத் தசை தளர்ந்து, எழுந்து நிற்கையில் கால் மடங்கலாம். 2018இல் விவரிக்கப்பட்ட ‘பெங்’ பிளாக் தசை பலத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. தோலின் வலி அதற்கு அடங்காது. மரப்பு மருந்தின் அளவிலும் கவனம் தேவை. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 40 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 0.25 சதவீத பூபிவகைன் என்ற மரப்பு மருந்து 32 மில்லிதான். பழக்கதோஷத்தில் 40 மில்லி ஏற்றினால் இதயமே தடுமாறலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: ஊசி போடும் நேரம். முதுகில் மயக்க ஊசி போட உட்காரவைப்பதற்குச் சற்று முன், அறுவை அரங்கில்தான் பல இடங்களில் இதைப் போடுகிறார்கள். அதற்குள் பெட்பேன் எத்தனை முறை வைத்தாயிற்று! மயக்க மருத்துவர் அரங்கை விட்டு வர முடிவதில்லை. ஸ்கேன் கருவியோ, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவுக்குள் இருப்பது. நினைத்த இடத்துக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போக முடியாது. ஆனால் இடுப்பெலும்பின் மேடுகளைத் தொட்டு இடம் குறித்துப் போடும் பழைய முறைக்கு ஸ்கேனே வேண்டாம். பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களே போடுகிறார்கள்.

வீட்டில் பெரியவர் விழுந்து இடுப்பு முறிந்தால், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முதலில் சொல்லுங்கள். அடுத்து, கேஷுவாலிட்டியிலேயே கேளுங்கள்: “நரம்பு ஊசியை இப்பவே போட முடியுமா டாக்டர்?”