எம்-ஒன்: பிழைக்கு இடம் தராத பாடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை இன்டர்னல் மதிப்பெண்ணை 20-இலிருந்து 40 ஆக உயர்த்தியது. இதைப் பெரிய சீர்திருத்தம் என்று பாராட்டும் குரல்கள் இன்னும் ஓயவில்லை. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்த காலம் போய்விட்டது, பருவம் முழுக்க உழைப்பவருக்கு இப்போது மதிப்பு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். மற்றப் பாடங்களுக்கு இது எவ்வளவு பொருந்துமோ தெரியாது; மாணவர்கள் எம்-ஒன் என்று சொல்லும் முதல் பருவக் கணிதத்துக்குப் பொருந்தவில்லை. பருவத் தேர்வுக்கும் இன்டர்னலுக்கும் 80-20 என்பது 60-40 ஆனது. மாணவர் போட்ட கணக்கை யாராவது வரிவரியாகப் படிக்கிறார்களா, எந்த வரியில் தடம் மாறினார் என்று சொல்கிறார்களா, திரும்பப் போட வைக்கிறார்களா என்று கேட்டால் பழைய விதிமுறையிலும் பதில் இல்லை, புதியதிலும் இல்லை.

விதிகளில் நல்லவை உண்டு. 75 விழுக்காடு வருகைக் கட்டாயம் பலருக்கு எரிச்சல் தந்தாலும், அது இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே நழுவிப்போகக்கூடிய பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சிறிய ஊர்க் கல்லூரியில் படிப்பவரும் கோவையின் தன்னாட்சி பெறாத பெரிய கல்லூரியில் படிப்பவரும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்து ஒரே வினாத்தாளை எழுதுவது சமநீதி. 40 இன்டர்னல் கையில் இருப்பது அரியரின் விளிம்பில் நிற்பவருக்கு உண்மையான ஆறுதல். இவற்றை மறுக்க எனக்கு எண்ணமில்லை.

என் ஆட்சேபம் பழையது. பருவம் தொடங்கும் வாரத்தில் தரப்படும் கோர்ஸ் பிளானை எடுத்துப் பாருங்கள். 2021 பாடத்திட்டத்தில் அணிகள், ஒரு மாறி வகை நுண்கணிதம், பல மாறிச் சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையீடு என ஐந்து அலகுகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பீரியட், எந்தத் தேதியில் எந்த டெஸ்ட், அசைன்மென்ட் எப்போது தர வேண்டும், தாமதித்தால் எவ்வளவு குறையும், வருகை குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லாம் இருக்கும். எந்தப் பாட இலக்கு எந்தப் பட்ட இலக்கோடு பொருந்துகிறது என்று 1, 2, 3 எண்கள் நிரம்பிய அட்டவணை ஒன்றும் இருக்கும். தவறு செய்த மாணவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் ஒரு வரி இருக்காது. கணிதம் படிக்கும் எவரும் செய்யும் முக்கியமான வேலை தவறு செய்வதும் அதைக் கண்டுபிடிப்பதும்தான். அதைப் பற்றிப் பேசாத விதித்தாள் கணித வகுப்புக்கு உரியது ஆகாது.

40 எப்படி வருகிறது? இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், கருத்தரங்கு, சிறு திட்டப்பணி போன்றவற்றுக்கு 40. இரண்டும் சேர்ந்த 200, கடைசியில் 40-க்குச் சுருங்கும். எழுத்தில் இது அழகான ஏற்பாடு. நடப்பில் கணித அசைன்மென்ட் என்றால், கொஸ்டின் பேங்கிலிருந்து பத்துக் கணக்குகளை ஏ4 தாளில் எழுதி, முகப்புத் தாள் வைத்து, ஸ்டேப்ளர் அடித்துத் தருவது. முந்தின இரவு விடுதியில் ஒருவர் போட்டது காலைக்குள் அறுபது தாள்களில் ஏறிவிடும். ஆசிரியர் பக்கத்துக்கு ஒரு டிக் போட்டுக் கையெழுத்திடுவார். காப்பி அடிக்கிறார்கள் என்று மாணவரைத் திட்டுவதை நான் ஏற்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரே கணக்கு, சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண், தவறான முயற்சிக்குக் கழிவு என்று விதி செய்தால், நண்பரின் தாளைப் பார்த்து எழுதுவதுதான் அந்த விதிக்கு அறிவுள்ள மாணவர் தரும் பதில். தானாகப் போட்டுத் தவறியவருக்கு 6, பார்த்து எழுதியவருக்கு 10. நேர்மையாக முயன்றவரை முதல் மாதத்திலேயே தண்டித்துவிட்டுத் தொடர் மதிப்பீடு என்று பெயர் வைக்கிறோம்.

எழுத்துத் தேர்வு இதைவிட மோசம். ஒரே ஓர் உதாரணம் போதும். ஐந்தாம் அலகில் தொகையீட்டு வரிசையை மாற்றும் கணக்கு கட்டாயம் வரும். எக்ஸ் 0 முதல் 1 வரை, உள்ளே ஒய் எக்ஸிலிருந்து 1 வரை என்று கொடுத்திருப்பார்கள். பகுதியை வரைந்து பார்த்தால் அது சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு மேலுள்ள முக்கோணம்; வரிசையை மாற்றினால் ஒய் 0 முதல் 1, எக்ஸ் 0 முதல் ஒய் வரை. படம் வரையாத மாணவர் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றி, எக்ஸ் ஒய்யிலிருந்து 1 வரை என்று எழுதுவார். அது மூலைவிட்டத்துக்குக் கீழுள்ள முக்கோணம், சதுரத்தின் மறு பாதி. தொகையிட வேண்டிய சார்பு எக்ஸையும் ஒய்யையும் பெருக்கியதாக இருந்துவிட்டால் இரண்டு முக்கோணங்களிலும் விடை எட்டில் ஒன்றுதான். கருத்து முழுக்கத் தவறு, விடை சரி. ஒரு கட்டுத் தாளை ஒரே இரவில் திருத்தும் ஆசிரியரின் கண் விடையில் விழுந்தால் முழு மதிப்பெண், எல்லையில் விழுந்தால் குறுக்குக்கோடு. இரண்டிலுமே 'படத்தை வரைந்து பார், நீ எடுத்தது எந்தப் பகுதி?' என்ற ஒற்றை வரி அந்தத் தாளில் ஏறுவதில்லை. அந்த வரிதான் பாடம். மேலும் இது கடைசி அலகு. டெஸ்ட் தாள் கைக்கு வரும்போது பருவத் தேர்வு வாசலில் நிற்கும். தாளை வாங்கும் மாணவர் செய்யும் ஒரே வேலை கூட்டல் சரியா என்று பார்ப்பது. அவரிடம் வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

அணிகள் அலகிலும் இதே கதை. மூன்றுக்கு மூன்று அணியின் சிறப்புச் சமன்பாட்டை எஸ்1, எஸ்2, எஸ்3 வைத்து எழுத நம் முதலாண்டு மாணவர் எவருக்கும் தெரியும். மூலைவிட்டக் கூட்டல், மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூட்டல், அணிக்கோவை. மின்னல் வேகத்தில் எழுதுவார்கள். அதே மாணவரிடம், ஓர் அணியைப் பூச்சியமல்லாத ஒரு திசையனோடு பெருக்கினால் அதே திசையன் மூன்று மடங்காக வருகிறது, அந்த அணிக்கு ஐகென் மதிப்பு ஒன்று சொல் என்று கேட்டால், அணி எங்கே என்று திரும்பக் கேட்பார். வரையறையே விடை என்பது அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பது யாருக்கும் தெரிய வரவும் செய்யாது, ஏனென்றால் டெஸ்டில் எஸ்1, எஸ்2, எஸ்3 மட்டுமே கேட்கப்படும். ஒவ்வோர் அலகிலிருந்தும் 'இது அல்லது அது' என்று இரண்டு பெரிய கேள்விகள் என்ற வார்ப்பு நிலைத்துவிட்ட பிறகு, எந்த வகைக் கணக்கு வரும் என்று ஊகிப்பது எளிது. டெஸ்டும் மாடல் தேர்வும் அந்த ஊகத்துக்கான ஒத்திகை. ஒத்திகையின் எடையை 20-இலிருந்து 40 ஆக்கியதைத்தான் சீர்திருத்தம் என்கிறோம்.

மதிப்பெண் போடுவதாலேயே மாணவர் திருந்துவார் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமானது. இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வாளர் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கவனிக்கத் தக்கது. செய்த வேலைக்கு எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. குறிப்பும் மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் கண்ணில் பட்டதும் குறிப்பு மறைந்துபோனது. சிறு பிள்ளைகளிடம் செய்தது கல்லூரிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பதினெட்டு வயதில் முதல் டெஸ்ட் தாளை வாங்கும் மாணவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்த ஆசிரியர் அப்படிக் கேட்க மாட்டார்.

இதைவிட முக்கியமானது கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கண்டது. அங்கே முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஊக்கம் இல்லை, பள்ளி அடிப்படை போதாது, வீட்டு ஆதரவு இல்லை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அந்த மாணவர்களோடும் சீன வம்சாவளி மாணவர்களோடும் இருந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எவையும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்கள், வீட்டுக்கணக்கை முடித்தார்கள், ஆசிரியர் சொன்ன அளவு நேரம் படித்தார்கள். தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்கைப் பிறகு கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சோதித்தார்கள். யார் எங்கே தவறினார் என்று சண்டை போட்டார்கள். ட்ரைஸ்மன் அதைப் பின்பற்றிக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பட்டறைகளை ஏற்படுத்தினார். தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. விதித்தாளில் இருந்த எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர்கள் தோற்றார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. நம் ஊரில் வருகை 90-க்கு மேல், அசைன்மென்ட் எல்லாம் நேரத்துக்கு, ஆனாலும் எம்-ஒன்னில் அரியர் என்று நிற்கும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பள்ளியில் சரியாகச் சொல்லித்தரவில்லை என்பது கல்லூரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது, இனி இந்தக் குறை தீரும் என்றார்கள். 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) கையேடு பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் டூ கணிதம் கட்டாயமில்லை என்று சொன்னபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். பிரிட்ஜ் கோர்ஸ் வைத்துச் சமாளிக்கலாம் என்பது அப்போதைய சமாதானம். பள்ளி மேல் குற்றம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வந்திருக்கும் மாணவருக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடிப்பது கல்லூரியின் முதல் வேலை ஆகிறது. எத்தனை விதித்தாளில் அது இருக்கிறது? பிரிட்ஜ் கோர்ஸும் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதும் இன்னொரு விரிவுரைதான். இரண்டு எண்களின் கூட்டலின் வர்க்கத்தை வர்க்கங்களின் கூட்டல் என்று எழுதும் மாணவர் அந்தப் பிழையைச் சுமந்தே பகுதி வகையீட்டுக்குள் நுழைகிறார்.

நேரமில்லை, வகுப்புக்கு அறுபது பேர் என்பார்கள். அறுபது தாள், தாளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம், எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாடத்துக்கு வாரத்தில் மூன்று விரிவுரையோடு ஒரு டுட்டோரியல் மணியைப் பாடத்திட்டமே ஒதுக்கியிருக்கிறது. விரிவுரை, டுட்டோரியல், செய்முறை என்ற வரிசையில் 3-1-0 என்பதில் உள்ள அந்த 1 எங்கே போனது? போர்ஷன் முடிக்க நான்காவது விரிவுரையாகிறது, அல்லது வேறு பாடம் எடுத்துக்கொள்கிறது. ஆசிரியரின் மாலை நேரமோ அங்கீகாரக் குழு வரும்போது காட்ட வேண்டிய ஃபைல்களுக்குப் போகிறது. ஒவ்வொரு டெஸ்டிலும் ஒவ்வொரு பாட இலக்கும் எத்தனை விழுக்காடு எட்டப்பட்டது என்று கணக்கிட நேரம் கிடைக்கிறது. ஒரு மாணவர் ஏன் படம் வரையவில்லை என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. இதற்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கக் கூடாது. அவரை ஃபைலால் அளக்கும் நிர்வாகமே பொறுப்பு.

இந்த இன்டர்னல் 40-க்கு இன்னொரு கொடுமையும் உண்டு. அரியர் விழுந்தால் முதல் முறை வாங்கிய இன்டர்னலே அடுத்த முயற்சிகளுக்கும் கூட வரும். சில முறை தவறிய பிறகே பருவத் தேர்வை மட்டும் வைத்துத் தேறும் வழி திறக்கும். கல்லூரிக்கு வந்த முதல் மாதங்களில், ஆங்கில வகுப்பு பிடிபடாமல் திணறிய தமிழ்வழி மாணவி வாங்கிய மதிப்பெண் இரண்டாம் ஆண்டில் அவர் தெளிந்து எழுதும்போதும் விடாது. எடை 20 ஆக இருந்தபோது பாதியாக இருந்த இந்தச் சுமை இப்போது இரட்டிப்பாகியிருக்கிறது. சீர்திருத்தத்தைப் பாராட்டுபவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அசைன்மென்ட்டுக்கு உரிய 40-ஐ, மாணவர் தன் டெஸ்ட் தாளைத் தானே திருத்தித் தருவதற்குக் கொடுக்கலாம்: எந்த வரியில் தவறினேன், ஏன் தவறினேன், சரியாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று மூன்றும் எழுத வேண்டும். தாளை முதலில் எண் இல்லாமல் கொடுக்கட்டும். எண் அடுத்த வாரம் வரட்டும். அறுபது பேரின் பிழைகள் அறுபது விதம் என்பதால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவது கடினம். ஐவர் ஐவராக உட்கார்ந்து இதைச் செய்ய அந்த டுட்டோரியல் மணி போதும். ஆசிரியர் குழுவுக்குக் குழு போய் உட்காரலாம். 'தனிநபர் அசைன்மென்ட்' என்ற தலைப்பு விதிமுறையிலேயே இருக்கிறது; இதை அதில் சேர்த்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் திருத்தம் வேண்டாம், குழு வேண்டாம், சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். டுட்டோரியல் மணியில் வேறு வகுப்பு வைக்க மாட்டேன் என்று துறைத்தலைவர் ஒருவர் உறுதியாக நின்றால், அடுத்த பருவத்தின் கோர்ஸ் பிளானிலேயே இதை அச்சிட்டுவிடலாம்.