செய்தியும் தூதும்

இடத்தாற் பிரிந்த இருவரிடையே ஒருவர் உள்ளத்தை மற்றொருவர்க்கு உணர்த்துதற்கு ஒரு தூது வேண்டும். அத்தூது ஓலையாயினும், தந்தியாயினும், கைத்தொலைபேசியாயினும் அதன் கடன் ஒன்றே. பெற்ற செய்தியைப் பெற்றவாறே உரியவரிடம் சேர்ப்பித்துத் தான் விலகி நிற்றலே அக்கடனாகும். திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தமை, பழந்தமிழர் அதன் தகுதியை எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பதைப் புலப்படுத்தும். இந்நாளிலோ, கோடிக்கணக்கான மக்களின் தூதுப்பணி வாட்ஸ்அப், வைபர், ரெலிகிராம், சிக்னல் முதலிய செயலிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இப்புதிய தூதர் தம் கடனறிந்து ஒழுகுகின்றனரா என்பது ஆராய்தற்குரியது.

இச்செயலிகளைக் கைத்தொலைபேசியிலும், மடிக்கணினியிலும், அலுவலகக் கணினியிலும் மாறி மாறிப் பயன்படுத்துவோர் கூறும் குறைகள் பல. கைத்தொலைபேசியிற் படித்து முடித்த செய்தி கணினியிற் படிக்கப்படாததாகவே நிற்கின்றது. கணினியைத் திறந்தால், செய்தி இருக்கவேண்டிய இடத்தில் 'இச்செய்திக்காகக் காத்திருக்கவும்' என்னும் அறிவிப்பே காணப்படுகின்றது. சென்ற ஆண்டு வந்த படமொன்றைத் தேடினால், அது ஒரு கருவியில் உண்டு, மற்றதில் இல்லை. மாமனார் ஒரு செயலியில் இருப்பார். மைத்துனர் வேறொன்றில் இருப்பார். அலுவலகமோ மூன்றாவதொன்றை விதித்திருக்கும். ஒரு திருமணச் செய்தியை மூன்று முறை அனுப்பவேண்டியதாகின்றது. இவை தனித்தனியே நோக்குமிடத்துச் சிறியன. ஆயினும், செருப்பினுட் புகுந்த சிறுகல் நெடுவழி நடப்பானை வருத்துதல்போல இவையும் நாள்தோறும் வருத்துவன.

ஒன்று மாத்திரம் சிறியதன்று. கைத்தொலைபேசி பழுதுற்றோ களவுபோயோ ஒழியுங்கால், மறுபிரதி எடுத்துவையாதவர்க்கு அதிலிருந்த உரையாடல்கள் யாவும் ஒழிகின்றன. இறந்த தாயின் குரற்செய்தியை அவ்வாறு இழந்த மகனுக்கு ஈடுசெய்யத்தக்கது யாதுமில்லை. முன்னையோர் தகரப்பெட்டியில் அடுக்கிவைத்த கடிதங்கள் வீடு மாறியபொழுதும் உடன் சென்றன. இன்றைய மடல்கள் கருவி மாறுமிடத்தே உயிர்விடுகின்றன. கடிதம் பெற்றவரின் உடைமை என்பது ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்த உண்மை. அவ்வுண்மையே இன்று ஐயத்துக்குள்ளாகியிருக்கின்றது.

இக்குறைகளுக்குத் தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியின்மையே காரணம் எனச் சிலர் கூறுவர். அக்கூற்றுப் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் கணினிக்கு மின்னஞ்சல் செல்லும் பொதுவிதி 1982ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. அஞ்சலை ஒரு பொது இடத்தில் வைத்து, எக்கருவியிலிருந்து நோக்கினும் ஒரே நிலையிற் காணச்செய்யும் 'ஐமாப்' என்னும் ஒழுங்கை மார்க் கிறிஸ்பின் என்பார் 1986ஆம் ஆண்டில் தொடக்கிவைத்தார். ஆகவே, பல கருவிகளில் ஒரு செய்தியைக் காணும் கலை புதியதுமன்று; அரியதுமன்று.

எனினும், செயலிகளைக் குறைகூறுமுன் நடுநிலை பிறழாது நோக்கவேண்டிய ஒன்றுண்டு. அதுவே மறைகாப்பு. வாட்ஸ்அப் செயலி 2016ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், அனுப்புநரும் பெறுநரும் அன்றி இடைநின்ற நிறுவனமும் படிக்கவியலாதவாறு செய்திகளை மறைகுறியாக்கும் முறையை முழுமையாக மேற்கொண்டது. இம்முறையிற் செய்தியைத் திறக்கும் திறவுகோல் நிறுவனத்திடம் இல்லை. பயனாளரின் கருவியிலேயே உள்ளது. திறவுகோல் ஒரு கருவியில் இருக்க, மற்றொரு கருவி அச்செய்தியை எவ்வாறு திறக்கும்? 2015ஆம் ஆண்டில் வந்த வாட்ஸ்அப்பின் கணினி வடிவம் கைத்தொலைபேசியின் நிழலாகவே இருந்தது. கைத்தொலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்தால் கணினியும் ஊமையாயிற்று. 2021ஆம் ஆண்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்திறவுகோல் வழங்கும் முறை வெளிவந்தது. அன்றுதொட்டு அனுப்புநரின் கருவி ஒரே செய்தியைப் பெறுநரின் கருவிதோறும் வெவ்வேறாகப் பூட்டி அனுப்புகின்றது. அவ்வாறு பூட்டப்படாத கருவியே 'காத்திருக்கவும்' என்கின்றது. அனுப்பியவரின் கருவி மீண்டும் இணையத்துக்கு வந்து பூட்டித் தரும்வரை அது காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

இதற்கு மறுதலையாக நிற்பது ரெலிகிராம். அதன் வழக்கமான உரையாடல்கள் நிறுவனத்தின் கணினிகளில் இருத்தலின், எக்கருவியிலும் உடனே தோன்றுகின்றன. ஆனால் அவற்றின் திறவுகோலும் நிறுவனத்திடமே உளது. அச்செயலியிலேயே 'இரகசிய உரையாடல்' எனப்படுவது தொடங்கிய கருவியை விட்டு நீங்குவதில்லை. வசதியும் மறைவும் ஒன்றையொன்று நெருக்குவன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனவே, காத்திருத்தலும், பழைய செய்தி புதிய கருவிக்கு எளிதில் வாராமையும் ஒருவாறு பொறுக்கத்தக்கன. அவை உறையை ஒட்டி அனுப்புதற்குக் கொடுக்கும் விலை.

ஆனால், எல்லாக் குறைகளுக்கும் இப்போர்வையைப் போர்த்துதல் தகாது. ஒரு செயலியினர் மற்றொரு செயலியினருக்குச் செய்தி அனுப்பவியலாமைக்கு மறைகாப்புத் தொடக்கமன்று. கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'கூகிள் ரோக்' பொதுவிதியொன்றைப் பின்பற்றியதால், பிற நிறுவனங்களின் பயனாளரோடும் உரையாட இடந்தந்தது. 2013ஆம் ஆண்டில் அதனிடத்தைப் பெற்ற 'ஹாங்அவுட்ஸ்' அக்கதவை அடைத்தது. அப்பிள் நிறுவனத்தின் ஐமெசேஜ் 2011இல் வந்தது. ஐபோனை விட்டு வேறு கைத்தொலைபேசிக்கு மாறியோர்க்கு, ஐபோன் நண்பர் அனுப்பிய செய்திகள் சேராமற்போன குறை நெடுநாள் நிலவிற்று. தம் எண்ணை அதிலிருந்து நீக்கிக்கொள்ளும் இணையவழியை அந்நிறுவனம் 2014ஆம் ஆண்டு நவம்பரிலேயே அமைத்தது. ஐபோனுக்கும் பிற கைத்தொலைபேசிகளுக்கும் இடையே தெளிவான படங்களும் செய்திகளும் செல்லவல்ல ஆர்.சி.எஸ். முறையை அப்பிள் ஏற்றது 2024ஆம் ஆண்டிலே. இத்தாமதங்களுக்குக் காரணம் கலையின் குறையன்று; வாடிக்கையாளர் நீங்காதவாறு வேலி கட்டும் வணிக நோக்கே எனல் மிகையாகாது. உறவினர் அனைவரும் வேலிக்குள் இருக்க, ஒருவர் மாத்திரம் வெளியேறுதல் எங்ஙனம்?

இவ்விடத்தில் அஞ்சலின் வரலாறு நினைத்தற்பாலது. ஒருகாலத்தில் நாடுகள் தத்தமக்குள் தனித்தனி உடன்படிக்கை செய்து, கடிதம் கடக்கும் வழிதோறும் வெவ்வேறு கூலி பெற்றன. 1874ஆம் ஆண்டு ஒற்றோபர் 9ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் 22 நாடுகள் கூடி, கடிதப் போக்குவரத்துக்குத் தம் நிலப்பரப்பு முழுவதும் ஒரே நிலப்பரப்பு என உடன்பட்டன. கடிதத்தை ஏற்ற நாடு முத்திரைப் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பெற்ற நாடு கூலி கேளாது கொண்டுசென்று கொடுக்கும். அவ்வுடன்பாட்டினின்று தோன்றியதே அனைத்துலக அஞ்சல் ஒன்றியம். ஒன்றோடொன்று போட்டியிட்ட அரசுகள் செய்த இவ்விணக்கத்தை, நூறாண்டுகளுக்கும் மேலான காலத்தின்பின் தோன்றிய செல்வ நிறுவனங்கள் செய்ய இயலாது என்பது நம்பத்தக்கதன்று.

பழையன யாவும் நல்லன என்பது இதன் கருத்தன்று. 1992ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதன்முதல் அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி, எந்நிறுவனத்தின் தொலைபேசிக்கும் செல்லும் பொதுமுறையாக வளர்ந்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துக்கு 160 இடங்களை அளித்துத் தமிழுக்கு 70 இடங்களையே அளித்தது. அவ்வெழுபதிலும் விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டன. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடங்களைக் கவர்ந்தது. தமிழில் மனநிறைவோடு எழுத முனைந்தவர் ஒரு செய்திக்கு இரண்டு மூன்று செய்திகளின் கட்டணம் செலுத்த நேர்ந்தது. அக்குறுகிய எல்லையை நீக்கியவை இச்செயலிகளே. அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயின், எழுத இடங்கொடுத்த நன்மை, எழுதியதைச் சிறைவைக்கும் உரிமையாகாது.

வேலியை நீக்கின் மறைகாப்பும் நீங்கும் என்பது நிறுவனங்கள் கூறும் தடை. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. வலுக்குறைந்த ஒரு செயலியோடு இணைதலால் வலியதன் காவலும் தளரக்கூடும். எனினும் அத்தடை கடக்கவியலாததன்று. பலர் கூடிய குழுக்களின் உரையாடலையும் மறைகுறியாக்குதற்குரிய பொதுவிதி 2023ஆம் ஆண்டு யூலையில் வெளியிடப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்முறைச் சந்தைச் சட்டம் 2024ஆம் ஆண்டு மார்ச் முதலாகப் பெருஞ்செயலிகளைப் பிற செயலிகளோடு இணங்கப் பணிக்கின்றது. அவ்விணக்கத்தால் மறைகாப்புக் குறைதலாகாது எனவும் அதுவே விதிக்கின்றது. வாட்ஸ்அப் அச்சட்டத்தின் கீழ் வந்தது. ஐமெசேஜ் 2024ஆம் ஆண்டு பெப்ரவரித் தீர்ப்பால் வாராதொழிந்தது. சட்டத்தின் எல்லை ஐரோப்பாவோடு நின்றுவிடுகின்றது. ஆயினும் வழி உண்டு என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே, திறனாய்வின் முடிபு இதுவே. செய்தியைக் காத்தற்பொருட்டு உண்டாகும் இடர்ப்பாடு வேறு. வாடிக்கையாளரைக் காவலில் வைத்தற்பொருட்டு உண்டாகும் இடர்ப்பாடு வேறு. முன்னதைப் பொறுத்தல் அறிவுடைமை. பின்னதைப் பொறுத்தல் பழக்கத்துக்கு அடிமையாதல். இவ்விரண்டையும் பகுத்தறியாதார், ஒன்றில் மறைகாப்பைத் துறந்து வசதியை நாடுவர். அன்றேல் மறைகாப்பின் பெயரால் வேலியை வாழ்த்துவர். கணினி பயிலும் மாணவரும் அவரைப் பயிற்றும் ஆசிரியரும் ஒரு செயலியை மதிப்பிடுங்கால், அதன் வண்ணத்தையும் வேகத்தையும் நோக்குதலோடு அமையாது, அதில் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேற இயலுமா என்பதையும் வினாவுதல் கடன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாயிலை விட்டு அகல்பவனே தூதன். கொடுத்த பின்னும் கடிதத்தின் ஒரு முனையைப் பற்றி நிற்பவனை எப்பெயரால் அழைப்பினும், தூதன் என அழைத்தல் பொருந்தாது.