வாழ்க்கை வரலாறும் குறவஞ்சி மேடும்

ஷேக்ஸ்பியர் பற்றி பில் பிரைசன் 2007இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தென்காசி ரயிலில் வாசித்து முடித்தேன். பொதுவாசகருக்கான சின்னப் புத்தகம். எழுதியவர் பயண நூல்களால் பேர் வாங்கியவர், ஆய்வாளர் கிடையாது. ஆனால் ஆய்வாளர் பலரிடம் காணாத ஒரு நேர்மை இந்த மனுஷனிடம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். ஓவியத்தில் இருப்பது ஷேக்ஸ்பியர்தானா என்கிற சந்தேகத்தோடுதான் புத்தகமே தொடங்குகிறது. 1585க்கும் 1592க்கும் இடையில் அந்த ஆள் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மிஞ்சிய கையெழுத்து மொத்தம் ஆறு.

சரி, மிஞ்சிய காகிதங்கள் எவை? ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பத்திரம், வீடு வாங்கிய கிரயம், வரிபாக்கி, வழக்கு, உயில். 1598இல், தானியத் தட்டுப்பாட்டின்போது, ஸ்ட்ராட்ஃபோர்டில் யார் வீட்டில் எவ்வளவு இருப்பு என்று எடுத்த கணக்கில் அவர் பேருக்கு எதிரே 10 குவார்ட்டர் மால்ட். ஹாம்லெட் எழுதியவன் ஆவணத்தில் சொத்துக்காரனாகத்தான் தங்கியிருக்கிறான். பிரைசன் இந்தக் காகிதங்களை வேடிக்கை பார்த்தபடி கடந்துவிடுகிறார். எனக்குக் கடக்க முடியவில்லை. காரணம், நான் போய்க்கொண்டிருந்த ஊர் மேலகரம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஷேக்ஸ்பியருக்கு முதல் வாழ்க்கை வரலாற்றை நிக்கலஸ் ரோ எழுதியது 1709இல். அப்போது மதுரையில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) ஆண்டுகொண்டிருந்தார். அங்கே செத்துப்போன நாடகக்காரனுக்கு ஊர்வாய்க் கதைகளைச் சேர்த்து வரலாறு கட்டிய அதே காலத்தில் இங்கே நம் நாடகக்காரர் உயிரோடு இருந்தார். நமக்கு மிஞ்சியது என்ன? மேலகரத்தில் பிறந்தார், தலபுராணம் பாடினார், குறவஞ்சி பாடினார், நாயக்கர் மெச்சி நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குப் பேர் குறவஞ்சி மேடு. எம்.ஏ. பரீட்சையில் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று நானும் இதைத்தான் எழுதினேன். அஞ்சு மார்க்.

இந்தக் குறிப்பை ஒரு கதையாடலாகப் பார்த்தால், அதன் உச்சம் கொடை. கவிதை, கொடைக்குப் போகும் வழி. கவிராயரைப் பற்றி எழுதுகிற வெகுஜன எழுத்துகள் எல்லாம் இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் சதை வைக்கின்றன. கொடுத்தவன் பதிந்து வைத்தது வாங்கியவனின் வாழ்க்கையாகிவிடுகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டின் உயில் மாதிரிதான்.

இப்போது பிரதிக்குள் வாருங்கள். பாதி நாடகம் பந்தாடுகிற வசந்தவல்லிக்கு, மீதி சிங்கிக்கும் சிங்கனுக்கும். சிங்கன் கண்ணி வைக்கப் போகிற இடத்தில் பறவைகள் வந்து இறங்கும் வயல்களின் வழியே கோயில் நிலமும் கொடையாளர் புகழும் உள்ளே நுழைகின்றன. நிலம் இன்னாருடையது என்பதில் பாட்டுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காணாமல் போன சிங்கியைச் சிங்கன் கண்டுபிடிக்கிற கட்டத்தில் என்ன நடக்கிறது? அவள் உடம்பில் கிடக்கும் நகை ஒவ்வொன்றையும் காட்டி, இது என்ன, இது எப்படி வந்தது என்று கேட்கிறான். கால் சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்கிறாள் அவள். இப்படியே ஒவ்வொன்றுக்கும் கணக்கு. மேடையில் இது நகைச்சுவை. நானும் சிரித்திருக்கிறேன், சந்தம் அப்படி. ஆனால் உழைத்துச் சம்பாதித்ததற்கு இந்த நாடகத்தில் கணக்கு ஒப்பிக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வந்து, 1911 திருத்தத்தில் சென்னை மாகாணத்துக்கும் நீண்டபோது, குறவர்களின் பேர் ஆவணம் ஏறியது. கைரேகையோடு. ஸ்டேஷனில் நின்று, இது எப்படி வந்தது என்ற அதே கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சந்தம் இல்லாமல். சென்னையில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது.

குறவஞ்சிக் குறத்தி ஒரு இலக்கிய மரபு, தெருவில் குறி சொல்கிறவளோடு அவளைப் போட்டுக் குழப்பாதே என்று தமிழய்யாக்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன், கவிராயர் போலீஸ்காரர் இல்லை. சிங்கியை அவர் ரசித்தே எழுதியிருக்கிறார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்து அந்தச் சந்தத்தை ஊர்க்காதுகளில் ஏற்றியதும், ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்ராவில் அதை மேடையேற்றியதும் சின்னக் காரியங்கள் அல்ல. ஆனால் குறி சொல்கிறவளின் பேச்சு நடையை, கண்ணி வைக்கிறவனின் சொற்களை இந்தக் கோயில் வித்துவான் எந்தத் திண்ணையில், யார் வாயிலிருந்து கேட்டார்? ரசனை மரபு இதைக் கேட்டதே இல்லை. ‘மரபு’ என்ற பதில், கேள்வியை மூடி வைக்கத்தான் உதவுகிறது.

மேலகரத்தில் டீக்கடையில் விசாரித்தேன். “கவிராயர் வீடா? அந்தத் தெருன்னு சொல்லுவாவ” என்று கை காட்டினார் கடைக்காரர். “குறவஞ்சி மேடு எங்க இருக்கு அண்ணாச்சி?” உடனே ஒரு பெரியவர் திசை சொன்னார், வாய்க்கால் சொன்னார், யார் யார் கை மாறியது என்றும் சொல்ல ஆரம்பித்தார். நிலத்தின் வரலாறு ஊருக்குத் தெரியும். இங்கே குறவர் குடும்பங்கள் இருந்ததுண்டா என்று கேட்டேன்.

“அவுகளா? சீசனுக்கு வருவாவ. ஊசி பாசி விப்பாவ. போயிருவாவ தம்பி.”

கவிராயருக்குப் புதிதாக வாழ்க்கை வரலாறு எழுதப்போகிறவர் யாராக இருந்தாலும், அந்தச் சீசன் கூட்டத்தில் போய் ஒரு நாள் உட்காரட்டும். அருவிக்கரையில்தான் இருப்பார்கள்.