மிதமான தீ

அடையாறிலும் தி.நகரிலும் உணவகப் பலகைகளில் 'விறகடுப்புச் சமையல்' என்று பெருமையாக எழுதிவைக்கிறார்கள். அடுப்பு இப்போது ருசியின் அடைமொழி. அதன் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பலகையில் இருக்காது. அந்தப் பலகையை எனக்கு வாசிக்கக் கற்றுத்தந்தது ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021). 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது.

மாமனார் குரலை உயர்த்துவதில்லை. சோறு குக்கரில் வேண்டாம், அடுப்பிலேயே ஆகட்டும் என்று சாந்தமாகத்தான் கேட்கிறார். இந்தக் காட்சியைப் பற்றி மாணவிகளோடு பேசும்போது, "வயசானவர், பழைய ருசிக்கு ஏங்குகிறார், அதில் என்ன கொடுமை?" என்று யாராவது கேட்பார்கள். வேலையை எண்ணிப் பாருங்கள் என்பேன்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு எரியாது, புகையும். சவுக்குக் கட்டையைச் சிறிதாகப் பிளந்து, சுள்ளியில் பற்றவைத்து, அடுப்பு வாயை அடைத்துவிடாமல் காற்றுக்கு இடம் விட்டுத் திணிக்க வேண்டும். தீ எழவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். நைலான் சேலை ஆகவே ஆகாது. புகைபோக்கி இருந்தால் அதில் படியும் கரியைச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் புகை உள்ளே திரும்பும், அந்தக் கரியே தீப்பிடிக்கவும் கூடும். சாம்பலுக்குள் தணல் மறைந்திருக்கும். ஆறவிட்டு இரும்புச் சட்டியில்தான் அள்ள வேண்டும். குமுட்டிக் கரியைக் கதவடைத்த அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமுமில்லை, வாசனையுமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

ஆலைக் கொதிகலனை இயக்கத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம். இதை மட்டும் 'கைப்பக்குவம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

சமையல் எழுத்தும் இதில் உடந்தை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951) அளவுகளைத் திட்டமாகச் சொன்னதற்காக இன்றும் கொண்டாடப்படுகிறது. பருப்புக்கும் புளிக்கும் அளவு உண்டு. தீக்கு? குறிப்பெழுதுகிற நாம் எல்லோரும் 'மிதமான தீயில் பத்து நிமிடம்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். கேஸில் அது ஒரு திருகல். விறகில், கட்டையை வெளியே இழுத்து, தணலைத் தள்ளி, பாத்திரத்தைக் கொடியடுப்புக்கு மாற்றி, மறுபடி ஊதுகுழலை எடுப்பது. அந்தப் பத்து நிமிடம் அவள் எங்கும் நகர முடியாது. மாமனார் கேட்டது அந்த நேரத்தை. கூடவே அவளுடைய நுரையீரலை.

நுரையீரல் என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. போரூர் ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தென்னிந்தியக் கிராம வீடுகளில் நுண்துகள்களை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டில் சமைப்பவர் சுவாசித்தது சமைக்காதவர் சுவாசித்ததைவிட அதிகம். வீட்டுக்குள் சேரும் புகை 2020இல் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மயிலாப்பூரில் என் பெரியம்மா இருந்தது ஒண்டுக்குடித்தனத்தில். விறகுத்தொட்டியிலிருந்து கட்டை வரும், மழைநாளில் ஈரமாக. ஒருத்தி அடுப்புப் புகை அடுத்தவள் அறைக்குள் போகும். சண்டை பெண்களுக்குள்ளேயே முடிந்தது. ஜன்னலும் புகைபோக்கியும் வைக்காத வீட்டுக்காரரிடம் அது போனதேயில்லை. படத்தில் ஒழுகும் கழிவுக் குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடாத கணவனைப் பார்த்தபோது இந்தச் சண்டைகள்தான் ஞாபகம் வந்தன. பாதுகாப்பு பெண்ணின் ஜாக்கிரதையாகவும், கட்டுமானம் ஆணின் வசதியாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது.

படத்தோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. அந்த வீட்டில் குக்கர் இருக்கிறது, விறகு ஒரு தேர்வு. பலருக்கு அது தேர்வே அல்ல. உஜ்வலா திட்டம் 2016இல் இணைப்பைக் கொண்டுவந்தது. அடுத்த சிலிண்டருக்கான பணத்தை அவர்களேதான் புரட்ட வேண்டும். நடைபாதையில் மூன்று கல் வைத்துச் சமைப்பவர்களுக்குச் சவுக்குக் கட்டைக்கும் வழியில்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சும் பலகைத் துண்டுதான், பல சமயம் பெயின்ட்டோடு, அடுப்புக்குள் போகிறது. அந்தப் பெயின்ட் எரியும் புகை விறகுப் புகையைவிட மோசமானது. அங்கே குக்கர் வேண்டாம் என்று சொல்ல எந்த மாமனாரும் இல்லை.