ஒரு கண்ணும் 991 ஆட்டங்களும்

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில், அந்த மலையை ஆண்ட சங்ககால வில்லாளி வல்வில் ஓரிக்கு விழா நடக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், ஓரி சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள் என்று ஊரே களைகட்டியிருக்கும். எனக்கு அதில் பிடித்தது வில்வித்தைப் போட்டி. நாணை இழுத்துப் பிடித்தபடி, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குறிபார்க்கும் பிள்ளைகளை நினைத்தாலே எனக்கு ஒரு விளையாட்டு வீரர் ஞாபகத்துக்கு வருவார். இந்த மலைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. உறைபனித் தரையில் ஆடியவர் அவர். ஐஸ் ஹாக்கி வீரர் மேனி மல்ஹோத்ரா.

வில்லாளி ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம். இலக்கு நின்ற இடத்தில் நிற்கும். மல்ஹோத்ரா செய்த வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டும். அந்த வேலையின் பெயர் ஃபேஸ்-ஆஃப். ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் அதைத் தொடங்கிவைப்பது இதுதான். இரண்டு அணிகளிலிருந்தும் ஆளுக்கொருவர் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். நடுவர் அவர்களுக்கிடையில் வட்டைப் போடுவார். மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள ரப்பர் வட்டு அது. அது தரையைத் தொடுவதற்கும் மட்டை அதைத் தொடுவதற்கும் இடையில் கண் சிமிட்ட நேரமிருக்காது. அதை யார் தன் ஆள் பக்கம் தள்ளுகிறாரோ, அவர் அணிக்கு வட்டு கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் இப்படிச் சுமார் 60 தடவை நடக்கும். கோல் கணக்கில் இது வராது. மறுநாள் செய்தித்தாளிலும் வராது.

மல்ஹோத்ராவை எடுத்தவர்கள் இந்த வேலைக்காக எடுக்கவில்லை. கனடாவின் மிசிசாகாவில் 1980இல் பிறந்தவர். தந்தை இந்திய வம்சாவளி, தாய் பிரெஞ்சு கனடியர். 1998இல் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழாவது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரைத் தூக்கியது. அப்போது வயது 18. ராபின் பாவா 1989இல் அந்த லீக்கில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர். அவருக்கு அடுத்த தலைமுறையில் இவர்மீதுதான் கண்கள் விழுந்தன. ஏழாவது தேர்வு என்றால் கோல்களை அடுக்குவார் என்று எதிர்பார்ப்பார்கள். முதல் பருவத்தில் 73 ஆட்டங்களில் எட்டு கோல். இரண்டாம் பருவத்தில் 27 ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. கீழ்நிலை லீக்குக்கு அனுப்பினார்கள். 2002இல் டாலஸுக்குக் கைமாற்றினார்கள். அங்கேயும் நிலைக்கவில்லை, 2003இல், வேண்டிய அணி எடுத்துக்கொள்ளலாம் என்று டாலஸ் கைவிரித்துவிட்டது.

அந்த 1998 தேர்வில் முதல் ஆள் வின்சென்ட் லெக்கவாலியே. வாழ்நாளில் 421 கோல். மல்ஹோத்ராவின் மொத்தக் கணக்கு 116. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பெழுதினால், ஏழாவது தேர்வு வீண் என்றுதான் வரும். பலர் அப்படித்தான் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை.

கொலம்பஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஐந்து பருவம். தடுப்பாட்டத்துக்குப் பேர்போன பயிற்சியாளர் கென் ஹிட்ச்காக்கும் பிற்பாடு அங்கே வந்து சேர்ந்தார். தன்னால் கோல் மழை பொழிய முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஒரு வீரர், தன்னால் முடிந்த ஒரு சிறிய வேலையை எடுத்து, அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்கிற அளவுக்குக் கொண்டுபோன காலம் அது. அப்படியும் 2009 கோடை முழுக்க எந்த அணியும் ஒப்பந்தம் தராமல் காத்திருந்தார். கடைசியில் சான் ஹோசே எடுத்தது, ஓராண்டுக்கு மட்டும். அந்த ஆண்டு ஃபேஸ்-ஆஃப்களில் 60 சதவீதத்துக்கு மேல் வென்றார். இந்த வேலையில் 50 என்றால் சராசரி, 55 என்றால் கெட்டிக்காரர்.

2010 ஜூலையில் வான்கூவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்தது. இந்த ஒரு பருவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், அவர் மதிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. வான்கூவரில் சுவீடன் இரட்டையர், டேனியல் செடினும் ஹென்ரிக் செடினும், தாக்குதலில் கொடிகட்டிப் பறந்தார்கள். பயிற்சியாளர் அலன் விஞ்யோ ஒரு கணக்குப் போட்டார். நம் கோலுக்குப் பக்கத்தில் ஆட்டம் தொடங்குகிறதா, மல்ஹோத்ரா போகட்டும். எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் தொடங்குகிறதா, செடின்கள் போகட்டும். ஆபத்தான இடத்தில் வட்டைப் பிடுங்கி வெளியேற்றுவது ஒருவர் பாடு. நல்ல இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குவது இருவர் சலுகை. அந்தப் பருவத்தில் டேனியல், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 104 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம். அணிகளின் அட்டவணையில் வான்கூவர் 117 புள்ளிகளுடன் முதலிடம். மல்ஹோத்ராவின் கோல் 11. டேனியலின் புள்ளிகளில் எத்தனை, மல்ஹோத்ரா மறுமுனையில் குனிந்து நின்றதால் வந்தவை என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஆனால் பயிற்சியாளருக்குத் தெரியும். செடின்களுக்கும் தெரியும்.

2011 மார்ச் 16. கொலராடோவுக்கு எதிரான ஆட்டம். திசை மாறிப் பறந்த வட்டு அவருடைய இடது கண்ணில் அடித்தது. முகத்தில் கண்ணாடித் தடுப்பு இல்லை. அந்தக் காலத்தில் அது கட்டாயமும் இல்லை. அறுவை சிகிச்சை ஒன்றோடு நிற்கவில்லை. பருவம் அவருக்கு முடிந்தது என்றே அணி அறிவித்தது. அந்தக் கண்ணின் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக் காதுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்றே பிடிபடாது. விழுகிற வட்டை மட்டையால் கொத்துகிறவருக்கு அந்தத் தூரக் கணிப்புதான் முதல். ஓர் ஓட்டக்காரருக்கு வந்திருந்தால் இந்தக் காயம் இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. ஒருவர் பத்தாண்டு பாடுபட்டு உருவாக்கிய ஒரே திறமையின் வேரிலேயே வெட்டு விழுந்தது.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றில் இரண்டாம் ஆட்டத்தில், முகம் முழுக்கக் கவசம் போட்டுக்கொண்டு அவர் களமிறங்கினார். காயம்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. வான்கூவர் அரங்கம் எழுந்து நின்று அவர் பெயர் சொல்லிக் கத்தியது. கோல் அடிக்காத ஒருவருக்கு ஓர் ஊர் அப்படி எழுந்து நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று வான்கூவர் வென்றது. ஆனால் கோப்பை ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்குப் போய்விட்டது.

2013இல் வான்கூவர் நிர்வாகம், இந்தக் கண்ணோடு ஆடுவது அவருக்கே ஆபத்து என்று சொல்லி அவரைக் காயமடைந்தோர் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவில் அக்கறை இருந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் மல்ஹோத்ரா அந்த முடிவை ஏற்கவில்லை. கீழ்நிலை லீக்கில் சார்லட் அணிக்குப் போய் ஆடிக் காட்டினார். கரோலினா அழைத்தது, 69 ஆட்டம். அடுத்து மான்ட்ரியல், 58 ஆட்டம். இரு இடங்களிலும் அவரைக் கூப்பிட்டது பழைய வேலைக்குத்தான். வலுவிழந்த கண்ணோடு அதே ஃபேஸ்-ஆஃப்!

பிறகு பயிற்சியாளரானார். 2000இல் ஹார்ட்ஃபோர்ட் வீரராக அவர் வென்ற, கீழ்நிலை லீக்கின் கால்டர் கோப்பையை, 2025 ஜூனில் அபோட்ஸ்ஃபோர்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளராக மறுபடி கையில் ஏந்தினார். அந்த அணியில் அர்ஷ்தீப் பெயின்ஸ் என்கிற பஞ்சாபி இளைஞரும் இருந்தார்.

மறுபடி கொல்லிமலைக்கு வருவோம். சங்கப் புலவர் வன்பரணர் பாடிய ஓரியின் அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்துச் சென்றதாம். எத்தனை விலங்கு என்று எண்ணுகிறோம். அந்த ஒரு அம்புக்கு முன்னால் அந்தக் கை எத்தனை நாள் நாணை இழுத்திருக்கும் என்று எண்ணுவதில்லை. நம் ஊர் ஹாக்கியையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். கோல் போட்டவர் பெயர் வரும். பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவர் பெயர் வராது. செம்மேட்டில் பரிசு வழங்குகிறவர்களிடமும், கோவில்பட்டி ஹாக்கித் திடலில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோல் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவனோ அவளோ வேறு எந்த வேலையில் கெட்டி என்று இன்னொரு பருவம் பாருங்கள்.

மல்ஹோத்ரா தேசிய ஹாக்கி லீக்கில் ஆடியது 991 ஆட்டம். ஆயிரத்துக்கு ஒன்பது குறைவு. அந்த லீக்கில் கால் வைத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இதில் பாதியைக்கூடத் தொடவில்லை.