இராஜதந்திரமும் கமராவும்: எரிக் சாலமோனின் புகைப்படங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

இராஜதந்திரச் செய்திகளோடு நாளேடுகளில் வெளிவரும் புகைப்படங்களை ஒரு மாத காலம் தொடர்ந்து வெட்டியெடுத்து வைத்து நோக்குபவர் ஓர் உண்மையை எளிதிற் கண்டுகொள்வர். நாடுகள் மாறும், தலைவர்கள் மாறுவர், படம் மாறாது. கைகுலுக்கல், கையொப்பமிடல், கொடிகளின் முன்னே வரிசையாக நிற்றல் என்னும் மூன்று நிலைகளுக்குள் உலக அரசியல் முழுவதும் அடங்கிவிடுகின்றது. இம்மூன்றும் காரியம் முடிந்த பின்னர் நிகழ்பவை. அல்லது காரியம் எதுவும் நடைபெறாதபோது நடைபெற்றதாகக் காட்டுவதற்கென நிகழ்த்தப்படுபவை. 1938 செப்ரெம்பர் 30 ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேன் மியூனிக்கிலிருந்து திரும்பி, விமான நிலையத்தில் ஒரு தாளை உயர்த்திக் காட்டியவாறு நிற்கும் படம் இவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அத்தாளில் ஹிட்லரின் கையொப்பம் இருந்தது உண்மை. அவ்வகையிற் படம் பொய் சொல்லவில்லை. ஓராண்டு முடிவதற்கு முன்னரே போர் மூண்டதும் உண்மை.

இம்மரபுக்கு மாறாக இராஜதந்திரத்தைப் படம்பிடித்தவர் யார் என வினவினால், புகைப்பட வரலாறு எழுதியோர் பெரும்பாலும் ஒரே பெயரையே முதலிற் கூறுவர். பேர்லினைச் சேர்ந்த எரிக் சாலமோன் (1886–1944) என்பவரே அவர். அரசியல்வாதிகளின் முகமூடியை அகற்றி அவர்தம் உண்மை முகத்தை உலகுக்குக் காட்டியவர் என்பது அவருக்கு வழக்கமாக வழங்கப்படும் புகழுரை. அப்புகழுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவரது கலைத்திறனில் ஐயத்துக்கு இடமில்லை. அத்திறன் யாருடைய பக்கத்தில் நின்றது என்பதே வினா.

சாலமோன் செல்வம் படைத்த யூத வங்கியாளர் குடும்பத்திற் பிறந்தவர்; சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். முதலாம் உலகப் போரிற் பிரான்சியரிடம் சிறைப்பட்டு ஆண்டுகள் சிலவற்றைக் கழித்தார். பிரெஞ்சு மொழியிற் பெற்ற பயிற்சி பின்னர் அவருக்குக் கைகொடுத்தது. போருக்குப் பிந்திய பணவீக்கத்திற் குடும்பச் செல்வம் அழிந்தது. உல்ஸ்ரைன் பதிப்பகத்தின் விளம்பரப் பகுதியில் வேலைக்கமர்ந்த அவர், நாற்பது வயதைக் கடந்த பின்னரே கமராவைக் கையிலெடுத்தார். இவ்வரலாறு வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. மாநாட்டு மண்டபங்களுக்குள் அவர் நுழைந்தது கள்ளத்தனத்தினால் மட்டுமன்று. மாலை விருந்துக்குரிய உடையும், மொழியறிவும், கனவான் தோற்றமும் அவரிடம் இருந்தன. வாயிற் காவலர் அவரை ஒரு பிரதிநிதியாகவே கருதியிருக்கக்கூடும். 1928 ஓகஸ்டிற் பாரிஸில் கெலொக்–பிரியான்ட் உடன்படிக்கை கையொப்பமானபோது, வெறுமையாக இருந்த போலந்துப் பிரதிநிதியின் ஆசனத்திற் சென்று அவர் அமர்ந்துகொண்டார் என்றொரு கதை வழங்குகின்றது. கதையெனக் கொண்டாலும் அது பொருள் பொதிந்த கதையே. ஒரு தொழிலாளியோ, தையற்காரரோ, கறுப்பினத்தவரோ அந்த ஆசனத்தை நெருங்கியிருத்தல் இயலாது.

அவர் முதலிற் பயன்படுத்திய எர்மனொக்ஸ் என்னும் கமராவைப் பற்றியும் சற்று விரிவாகக் கூறவேண்டும். அதன் வில்லை அக்காலத்துக்கு வியக்கத்தக்க அளவு ஒளியை உள்வாங்கவல்லது. ஆதலால், மின்னொளிப் பொடியைக் கொளுத்தாமல், அறை விளக்கின் வெளிச்சத்திலேயே படமெடுக்க முடிந்தது. ஆயினும் அது சுருட்படம் பயன்படுத்தும் கருவியன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு கண்ணாடித் தட்டு வேண்டும். உள்ளறை வெளிச்சத்திற் கமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு செக்கனின் கணிசமான பகுதிவரை ஒளிபட விடுதல் வேண்டும். அசைபவர் முகம் கலங்கிவிடும். எனவே, சாலமோன் பேசுபவரைவிடக் கேட்பவரையே நாட வேண்டியிருந்தது. ஒருவர் சொல்லி முடித்து மற்றவர் விடைகூறத் தொடங்குமுன் உள்ள அந்த இடைவெளிக்காக அவர் காத்திருந்தார். அவருடைய ஜெனீவாப் படங்களிற் காணப்படும் அமைதி, தலைசாய்த்துச் செவிகொடுக்கும் பாவனை, மூவர் நால்வராய் நெருங்கியிருந்து உரையாடும் அன்னியோன்னியம் ஆகியன ஒரு கலைஞனின் மனப்பாங்கிலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. கருவியின் மந்தகதியும் அவற்றை விளைவித்தது. இதனை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகின்றது. சர்வதேச சங்கத்தின் அரசியல்வாதிகள் ஒருவருக்கொருவர் செவிசாய்த்தவர்கள் என்னும் எண்ணம் இன்றும் நம்மிடம் இருக்குமாயின், அதற்கு எர்மனொக்ஸும் ஒரு காரணம் எனலாம்.

அவரது படங்களுட் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது 1930 ஜனவரியில் ஹேக் நகரில் நடைபெற்ற இரண்டாவது இழப்பீட்டு மாநாட்டின்போது எடுக்கப்பட்டது. இரவு நெடுநேரமாகிவிட்டது. பிரான்சிய, ஜேர்மன் அமைச்சர்கள் கதிரைகளிற் சாய்ந்து, சிலர் கண்ணயர்ந்து, களைத்துக் கிடக்கின்றனர். கொடியில்லை, மேடையில்லை, கைகுலுக்கல் இல்லை. இராஜதந்திரம் என்பது உடலால் உழைக்கப்படும் ஒரு வேலை, அதற்கு நேரம் செலவாகின்றது, அதைச் செய்வோர் வயது முதிர்ந்த சாதாரண மனிதர் என்னும் உண்மையை இப்படத்துக்கு முன்னர் எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் கூறியதில்லை. இவ்வகையில் அது ஒரு சாதனையே.

ஆயின், அவர்கள் எதற்காக விழித்திருந்தனர்? யங் திட்டம் எனப்படும் அவ்வேற்பாட்டின்படி ஜேர்மனி ஏறத்தாழ 11,200 கோடிப் பொன் மார்க்கை 59 ஆண்டுத் தவணைகளில், அதாவது 1988 வரை, செலுத்தவேண்டியிருந்தது. அத்திட்டத்துக்கு எதிரான பிரசாரமே ஹிட்லரை நாடறிந்த தலைவராக்கிய காரணங்களுள் ஒன்று. அமைச்சர்கள் கண்ணயர்ந்த அந்த இரவிலிருந்து எட்டு மாதங்களில், 1930 செப்ரெம்பர் தேர்தலில், நாற்சிக் கட்சியின் பாராளுமன்ற ஆசனங்கள் 12 இலிருந்து 107 ஆக உயர்ந்தன. திட்டமோ 1932 இல் லோசான் மாநாட்டுடன் மறைந்துபோயிற்று. இவை யாவும் படத்தின் சட்டகத்துக்கு வெளியே நிற்பவை. புகைப்படத்திடம் புள்ளிவிபரம் கேட்பது நியாயமா என எவரும் வினவலாம். நியாயமன்று. எனினும், படம் நம்மிடம் எவ்வுணர்வை வேண்டிநிற்கின்றது என்பதைக் கேட்பது நியாயமே. பாவம், எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்னும் பரிவையே அது வேண்டிநிற்கின்றது. வேலையற்று வரிசையில் நின்ற ஜேர்மன் தொழிலாளிக்குச் சேரவேண்டிய பரிவின் ஒரு பகுதியை அப்படம் அமைச்சரின் கதிரைக்கு மாற்றிவிடுகின்றது.

முகமூடி அகற்றல் என்னும் புகழுரை இங்கேதான் தடுமாறுகின்றது. முகமூடிக்குப் பின்னாற் சாலமோன் கண்டது குரூரத்தையோ சூழ்ச்சியையோ அன்று, விரும்பத்தக்க மனிதரை. அம்மனிதரும் அதை உணர்ந்துகொண்டனர். 1931 இற் பாரிஸிலே பிரான்சிய வெளிநாட்டமைச்சர் பிரியான்ட், விருந்துடையணிந்த கூட்டத்தின் நடுவே கமராவைக் கண்டுகொண்டு, அதை நோக்கி விரலை நீட்டும் படம் யாவரும் அறிந்தது. சாலமோனை அடக்கமற்றோரின் அரசன் என அவர் வேடிக்கையாக அழைத்தார் என்பர். படம் மிக அழகானது. அந்தக் கணத்தின் உயிர்ப்பு அதில் அப்படியே உள்ளது. ஆனால் அது காட்டுவது, பிடிபட்ட ஒருவரின் திடுக்கீட்டையன்று. எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார் என்னும் மகிழ்ச்சியை. அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, புகழ்பெற்றோரைக் காவலற்ற கணங்களிற் காட்டுவதாகக் கூறுகின்றது. அதற்குள்ளாகவே காவலற்ற கணம் என்பது, கைகுலுக்கலைப்போல, ஒரு வழக்கமாகிவிட்டது. இன்று தேர்தற் காலத்தில் வேட்பாளர் தேநீர்க் கடையிற் சிரித்தபடி கோப்பையை ஏந்தும் படத்தின் மூலவேர் இங்கே உள்ளது.

இவ்வாறு கூறுவது அவரை இழித்துரைப்பதாகாது. அவருக்குப் பின்வந்த ஆட்சி எவ்வகைப் புகைப்படத்தை வளர்த்தது என்பதை நோக்கும்போது சாலமோனின் பெருமை தெளிவாகும். ஹிட்லரின் புகைப்படக்காரரான ஹொவ்மனின் படங்களில் எவரும் களைத்திருப்பதில்லை. எவரும் எவருக்கும் செவிகொடுப்பதில்லை. பேசுபவன் ஒருவன், கேட்பது திரள். சாலமோனின் மென்மையான படங்கள் அப்பேச்சுக்கு இயல்பாகவே எதிரானவை. 1933 க்குப் பின் அவர் மனைவியின் நாடான ஒல்லாந்தில் வாழ்ந்தார். நாற்சிப் படைகள் அங்கும் வந்தன. தலைமறைவாக இருந்த குடும்பம் காட்டிக்கொடுக்கப்பட்டது. 1944 இல் அவரும் மனைவியும் ஒரு மகனும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். இங்கிலாந்தில் இருந்த மூத்த மகன் தப்பியமையாலேயே, எஞ்சிய படங்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

போருக்குப் பின்னர் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபை, புகைப்படத்தைத் தன் சொந்தத் துறையாகவே அமைத்துக்கொண்டது. அதன் படப்பிடிப்பாளர் அழையா விருந்தாளியல்லர். சம்பளம் பெறும் அலுவலர். பாதுகாப்புச் சபையின் மண்டபத்தில் முன்னரே எழுதப்பட்ட உரைகள் வாசிக்கப்படுவதை அவர் எடுக்கலாம். உண்மையான பேரம் நடைபெறும் ஆலோசனை அறையோ மூடப்பட்டது. அங்கு பேசப்படுவதற்கு அதிகாரபூர்வமான குறிப்புக்கூட எழுதப்படுவதில்லை. 2003 பெப்ரவரி 5 ஆம் திகதி ஈராக் மீதான போரை நியாயப்படுத்த அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் அங்கு உரையாற்றினார். மண்டப வாயிலில், செய்தியாளரின் கமராக்கள் வழக்கமாக நோக்கும் சுவரில், பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியத்தைப் பின்பற்றி நெய்யப்பட்ட திரைச்சீலை தொங்கியது. குண்டுவீச்சில் அழிந்த ஓர் ஊரைப் பற்றிய ஓவியம் அது. அந்நாட்களில் ஒரு நீலத்துணி அதை மூடியிருந்தது. தொலைக்காட்சிக்குப் பொருத்தமான பின்னணி தேவைப்பட்டது என்பதே கூறப்பட்ட விளக்கம். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும், எது படத்தில் விழவேண்டும் என்னும் முடிவு புகைப்படக்காரர் வருமுன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது மாறப்போவதில்லை.

அமைதிகாக்கும் படையினரைப் பற்றிய படங்களில் இச்சிக்கல் உயிர்ச்சிக்கலாகின்றது. நீலத் தொப்பி அணிந்த போர்வீரர், அவர் அருகிற் சிரிக்கும் சிறுவன்: இது அவ்வகையின் கைகுலுக்கல். 1995 யூலையிற் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000 க்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அதற்குச் சற்று முன்னர், சேர்பியத் தளபதி மிலாடிச்சும் ஐ.நா. பணியில் இருந்த ஒல்லாந்துப் படையின் தளபதியும் கண்ணாடிக் கிண்ணங்களோடு நிற்கும் காட்சி பதிவாகியது. அதைப் பதிவுசெய்தது சேர்பியரின் கமரா. மிலாடிச் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கும் காட்சியும் அவ்வாறே. கொலைகாரனும் சிறுவனும் ஒரே சட்டகத்தில் நிற்கும்போது, அமைதிப்படைப் படத்தின் இலக்கணம் எவ்வளவு எளிதிற் களவாடத்தக்கது என்பது புலனாகின்றது. மறுபுறத்தில், ஒல்லாந்துப் படை அதிகாரியொருவர் பிணங்களை எடுத்த படச்சுருள், அவருடைய நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிலிருந்த ஆய்வுகூடத்திற் கழுவப்பட்டபோது பழுதாகிவிட்டது. கவனக்குறைவே காரணம் என்றனர். கிண்ணப் படம் உலகெங்கும் பரவியது; பிணங்களின் படம் இல்லை.

இத்தகைய இல்லாமையை நாமும் அறியாதவர்களல்லர். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என வாயிலில் நின்று மன்றாடிய மக்களின் காட்சிகள் 2011 இல் ஒரு பிரித்தானிய ஆவணப்படத்தின் வாயிலாக உலகின் கண்ணிற் பட்டன. அவர்கள் வெளியேறிய பின்னர் வந்த மாதங்களைச் சுயாதீனமாகப் படம்பிடிக்க வன்னியில் எந்தச் சர்வதேச நிறுவனத்தின் புகைப்படக்காரரும் இருக்கவில்லை. சாலமோன் வெறும் ஆசனத்தில் அமர்ந்த கதையை இரசிக்கும்போது, நமக்கு இந்த வேறு வெற்றிடமும் நினைவுக்கு வருவது இயல்பே.

தமிழ்நாட்டிற் பிறந்த ஜோன் ஐசக், ஐ.நா. தலைமையகத்திற் கடிதம் சுமக்கும் சிற்றூழியராகச் சேர்ந்து, அதன் புகைப்படப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். அகதிகளையும் பஞ்சத்தையும் போரையும் பல ஆண்டுகள் எடுத்தவர். துன்புற்றவரின் மானம் கருதிக் கமராவை எடுக்காது விட்ட சந்தர்ப்பங்களைப் பற்றி அவர் பின்னர் பேசியுள்ளார். 1994 இல் ருவாண்டாவிற் கண்டவற்றின் பின் மனம் தளர்ந்து, சில காலம் படமெடுக்கவே இயலாதவராயிருந்தார்; 1998 இல் ஓய்வுபெற்று, பறவைகளையும் விலங்குகளையும் எடுக்கத் தொடங்கினார். எடுக்காது விட்ட அப்படங்களை ஸ்ரெப்ரெனிகாவிற் பழுதான சுருளோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் கூடாது. ஒன்று, பார்க்கப்படுபவரின் பொருட்டு விடப்பட்டது. மற்றையது, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வாய்ப்பாய் அமைந்தது. சாலமோனின் நூலில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அவர் நோக்கிய மனிதருக்கு, மறைத்துக் காக்கவேண்டிய துன்பம் எதுவும் அந்த மண்டபங்களுள் இருக்கவில்லை.