விழுந்தாலும் உடையாத விமானம்

மைதானத்தின் நடுவே ஒருவர் நிற்கிறார். அவர் பிடித்திருக்கும் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் செல்கின்றன. அவற்றின் மறுமுனையில் ஒரு சிறு விமானம் உறுமிக்கொண்டு அவரை வட்டமிடுகிறது. கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் ஏறும். கீழ்நோக்கிச் சாய்த்தால் இறங்கும். நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். அமெரிக்காவிலோ தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து ஈடுபடும் குடும்பப் பொழுதுபோக்காகவும் இது வளர்ந்தது. அத்தகைய குடும்பங்களுக்காகவே செய்து விற்கப்பட்ட ஒரு விமானத்தை இங்கு மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் சிறிது வரலாறு. 1936-இல் ஆரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் இவ்வகை விமானத்தைப் பறக்கவிட்டார். அதே மாநிலத்தவரான ஜிம் வாக்கர் இரு கம்பி முறைக்குக் காப்புரிமை பெற்று, அதை நாடெங்கும் பரப்பினார். 1955-இல் காக்ஸ் என்ற உற்பத்தியாளருடன் நடந்த வழக்கில், செயின்ட் கிளேரின் முந்திய முயற்சியைக் காட்டி அக்காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்தக் காக்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற பயிற்சி விமானமே பி.டி.-19. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றின் சாயலில் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. எஞ்சினின் கொள்ளளவு 0.049 கன அங்குலம், அதாவது 0.8 கன சென்டிமீட்டர்தான்!

இதன் சிறப்பைச் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. இறக்கையும் எஞ்சினும் உடலோடு ரப்பர் வளையங்களால் கட்டப்பட்டுள்ளன. தரையில் மோதினால் பாகங்கள் உடையாமல் கழன்றுவிடும். பொறுக்கி எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மோதலின் ஆற்றலை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. அருமையான யோசனை.

ஆனால், விழுந்தபின் என்ன செய்வது என்பதற்கு விடை கண்ட இவ்விமானம், ஏன் விழுகிறது என்பதற்கு விடை காணவில்லை. இதுவே என் குறை.

கணக்கிட்டுப் பாருங்கள். கம்பியின் நீளம் 8 மீட்டர், ஒரு சுற்றுக்கு 3.5 விநாடி என்று கொள்வோம். வேகம் விநாடிக்கு 14 மீட்டருக்குச் சற்று மேல். சிறுவன் விநாடிக்கு 100 பாகைக்கு மேல் தானும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றாமல் என்ன செய்யும்? 3 மீட்டர் உயரத்தில் விமானம் 30 பாகை மூக்கைக் கவிழ்த்தால், தரையைத் தொட அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் ஆபத்தை உணர்ந்து, மேலா கீழா என்று தீர்மானித்து, கையை அசைக்க வேண்டும். பழகாத பிள்ளையால் இது ஆகிற காரியமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இறக்கையருகே ஒரு தகடு அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். கம்பிகள் அதை அசைக்க, அது வாலிலுள்ள மடிப்பை அசைக்கும். கம்பிகள் விறைப்பாக இருந்தால்தான் இது நடக்கும். 200 கிராம் விமானம் மேற்சொன்ன சுற்றில் சுமார் அரைக் கிலோ எடையளவுக்கே கம்பியை இழுக்கும். காற்று சற்று எதிர்த்து வீசினாலும் கம்பி தளர்ந்து, விமானம் கைக்கு அடங்காமற் போகும்.

இதனோடு ரிங்மாஸ்டர் என்ற பால்சா மர விமானத்தை ஒப்பிடுங்கள். மாட் கேனியா வடிவமைத்தது. ஸ்டெர்லிங் நிறுவனம் தொகுப்பாக விற்றது. இறக்கை விரிவு 42 அங்குலம், உடல் வெறும் பலகை. முக்கால் கிலோ எடையும், 18 மீட்டர் கம்பியும், 5 விநாடிச் சுற்றும் எனக் கொண்டால், இழுவை 2 கிலோவைத் தாண்டும். திரும்ப வேண்டியதோ விநாடிக்கு 72 பாகைதான். நிதானமான சுற்று, விறைப்பான கம்பி. தந்தை பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்துப் பறக்கவிட்டால், எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதைப் பிள்ளையின் விரல்கள் நேராகவே கற்றுக்கொள்ளும். சொல்லால் கற்பிக்க இயலாத பாடம் இது.

இதற்கும் குறை உண்டு. பல மாலைகள் உட்கார்ந்து ஒட்ட வேண்டும், மோதினால் முறியும், இதன் பெரிய எஞ்சினின் சுழல்விசிறி விரலைப் பதம் பார்க்கும். ஆகவே பெரியவர் அருகில் இல்லாமல் இதைத் தொடலாகாது. ஆனால் சேர்ந்து ஒட்டிய மாலைகளும், முறிந்ததைச் சேர்ந்து செப்பனிட்ட மாலைகளும் அக்குடும்பத்துக்கு நஷ்டம் என்று நான் எண்ணவில்லை. கடையில் ஆயத்தமாக வாங்கிய பெட்டி அந்த மாலைகளைத்தான் மிச்சப்படுத்திக் கொடுத்தது.

பரிசாக வந்த விமானம் முதற்சுற்றிலேயே தரையில் குத்தினால், "எனக்குக் கைவராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறான். பிழை அவன் கையில் இல்லை. அவனுக்குக் கிடைத்த அரை விநாடியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான எந்தக் கற்கும் கருவியையும் இப்படி அளந்து பாருங்கள்: தவறு செய்தால் தாங்குமா என்பதோடு நில்லாமல், தவறைத் திருத்திக்கொள்ள நேரம் தருகிறதா என்றும் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இக்கம்பிகள் பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை. மின்கம்பிகள் செல்லும் இடத்தின் அருகே இவ்விமானத்தை ஒருபோதும் பறக்கவிடாதீர்கள்.